ஐம்பத்தைந்தில் கடையை விடலாமா?

"காக்கா, 55 வயதோடு கடையை விட்டுப்போட்டு நாலு நாடு பார்த்து வரலாம் என்று இருக்கிறன். என்ன சொல்றீங்க?"

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் அக்கரைப்பற்றுச் சந்தையில் அடிக்கடி காதில் விழுகிறது. எமது வாப்பாமார் காலத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. வியாபாரி என்றால், ஐந்நூறு ரூபாத் தாளுக்கும் ஆயிரம் ரூபாத் தாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் கண் மங்கும் வரை லாச்சிக்குப் பின்னால்தான் இருப்பார். அவருடைய பயணம் புறக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போவது. வாழ்நாளில் ஒரு ஹஜ், வசதி இருந்தால் ஜெய்லானிக்கு ஒரு சுற்று. அதோடு சரி.

இன்றைக்கு நிலைமை வேறு. கூடப் படித்தவன் ஆசிரியர் தொழிலில் இருந்து பென்ஷன் எடுத்துக்கொண்டு துருக்கிக்குப் போய்ப் படம் அனுப்புகிறான். நாமோ சீமெந்துப் பக்கற்றை எண்ணிக்கொண்டிருக்கிறோம். சீனியும் பிரஷரும் ஐம்பதிலேயே வந்து நிற்கின்றன. முழங்கால் நல்லாக இருக்கும்போதே உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் தப்பு எதுவும் இல்லை. எனக்கும் 57 வயது. ஹாட்வெயார் கடையில் 31 வருடம் நின்றவன். எனவே இதை அடுத்தவன் கதையாக நினைத்து எழுதவில்லை.

கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்களுக்குப் பெண் பிள்ளைகள் எத்தனை? உங்கள் சொத்தின் வருமானம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா? நீங்கள் இல்லாமல் கடை எத்தனை நாள் ஓடும்? வயது இதற்கெல்லாம் பிறகுதான்.

உத்தியோகத்தர் கதை வேறு

முதலில், அரச உத்தியோகத்தரைப் பார்த்து வியாபாரி கணக்குப் போடக் கூடாது. 55 வயதில் விரும்பி ஓய்வு பெறும் வழி அரச சேவையில் நெடுங்காலமாக இருக்கிறது. 2021 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் கட்டாய ஓய்வு வயதை 65 ஆக்கியது. ஒரு வருடம் முடிவதற்குள், 2022 ஓகஸ்ட் 30ஆம் திகதி வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை 60 ஆகக் குறைத்தது. இதனால் 2022 டிசம்பர் 31ஆம் திகதி, 60ஐக் கடந்திருந்த பெருந்தொகையானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். எமது ஊரிலும் பாடசாலைகளில், கந்தோர்களில் பல கதிரைகள் ஒரே நாளில் காலியாயின. இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று நம்பி வீட்டுக் கடன் எடுத்தவர்களின் பாடு அன்று திண்டாட்டமாகிவிட்டது.

ஆனாலும் அவருக்கு மாதா மாதம் பென்ஷன் வருகிறது. அவர் மௌத்தானால் மனைவிக்கு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்திலிருந்து ஏதோ கிடைக்கும். தனியார் துறைக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் அதை மீளப் பெறலாம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயது 60. அதற்கு முன்பு வயதைக் காட்டி முதலாளி அனுப்ப முடியாது. தானாகப் போக விரும்புபவர் போகலாம்.

கடைக்காரனுக்கு என்ன இருக்கிறது? பென்ஷனும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. கமக்காரருக்காக 1987இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கினார்கள். அதுவே பணம் போதாமல் இடையில் சில காலம் கொடுப்பனவு நின்றுபோன திட்டம். ஆகவே வியாபாரி தனது பென்ஷனைத் தானே செய்துகொள்ள வேண்டும். எங்கிருந்து செய்வது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக்காரனின் நூற்றுக்கு நாலு

மேற்கு நாடுகளில் நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு ஒன்றுதான். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்நாட்டின் பழைய பங்குச் சந்தை, கடன் பத்திரப் புள்ளிவிபரங்களை 1926 முதல் எடுத்துப் பார்த்தார். முதல் வருடம் மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு நாலு எடுத்து, பின்னர் விலைவாசி ஏறும் அளவுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனால், முதல் 30 வருடமாவது தீராது என்று கண்டார். அதைத் திருப்பிப் பார்த்தால், வருடச் செலவைப் போல 25 மடங்கு கையில் இருந்தால் வேலையை விடலாம் என்றாகிறது.

எமது ஊர்க் கணக்குக்கு வாருங்கள். மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா செலவாகும் குடும்பம் என்று வைப்போம். வருடத்துக்கு 18 இலட்சம். 25ஆல் பெருக்கினால் நாலரைக் கோடி. இந்தத் தொகையைக் கேட்டாலே பலர் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

தொகை பெரியது என்பதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பெங்கனின் கணக்கு டொலரில் போட்டது. அது அமெரிக்காவின் பங்குச் சந்தையையும், அந்நாட்டின் விலைவாசி ஏற்றத்தையும் நம்பி நிற்கிறது. பாதியளவு வட்டிப் பத்திரத்தில் இருக்க வேண்டிய கணக்கும் கூட. எங்களுக்கு மூன்றும் பொருந்தாது. ஒரு விடயத்தில் மட்டும் நாங்கள் அவர்களைவிட வசதியானவர்கள். அங்கே 65 வயதில் அரச மருத்துவக் காப்புறுதி கிடைக்கும் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்காகவே பலர் வேலையை விடப் பயப்படுகிறார்கள். எமக்கு அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், சில மருந்துகளை வெளியே வாங்க வேண்டும் என்பது வேறு.

2022 சொல்லித் தந்தது

ரொக்கத்தை நம்பி ஓய்வு பெற நினைப்பவர் 2022ஐ மறக்கக் கூடாது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. ஒரு கோடி ரூபா வைத்திருந்தவரின் பணம் 50,000 டொலரில் இருந்து 28,000 டொலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அவர் ஒரு சதத்தையும் செலவழிக்கவில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி விலைவாசி முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. சாப்பாட்டுச் சாமான்கள் மட்டும் 94.9 வீதம்.

உம்றாவுக்கென்று ஒதுக்கி வைத்தவர்களுக்கு இது நேரடி அடி. சவூதி றியாலை 1986இல் இருந்து ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். டொலர் 200 ஆக இருந்தபோது ஒரு றியால் 53 ரூபா சொச்சம். டொலர் 360 ஆனபோது 96 ரூபா. மக்காவில் ஹோட்டல் வாடகை கூடாவிட்டாலும் எமக்குக் கூடிவிட்டது.

பிறகு மறுபக்கம் நடந்தது. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். ஒரு கோடியைப் போட்டால் மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வரும் என்று கடையை, வளவை விற்றுப் போட்டவர்களும் உண்டு. 2024 முடியும்போது அந்த வீதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 8 வீதம் என்று வையுங்கள். அதே ஒரு கோடிக்கு மாதம் 66,000 ரூபா சொச்சம். அதிலும் 2023இல் 5 வீதமாக வந்த நிறுத்திவைப்பு வரி 2025 ஏப்ரலில் 10 வீதமானது. 20 வீதம் நிரந்தரம் என்று எண்ணி வாழ்க்கைச் செலவை அமைத்தவர் இப்போது முதலைத் தின்கிறார்.

எம்மவர்களில் கூடுதலானோர் வட்டியை ஒதுக்கி, முழாரபா கணக்குகளில் போடுகிறார்கள். மார்க்க ரீதியில் அது வேறு. ஆனால் இலாபப் பங்கு சந்தை நிலவரத்தோடுதான் ஏறி இறங்கும். அங்கும் கடந்த வருடம் வந்த தொகை இந்த வருடமும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தந்தால் அது முழாரபாவும் அல்ல. வீட்டு அலுமாரியில் சும்மா வைத்திருந்தாலோ, வருடம் இரண்டரை வீதம் ஸகாத் கொடுக்க வேண்டும். மீதியை விலைவாசி தின்னும்.

பெண் பிள்ளை வீடு

இனி எந்த அமெரிக்கக்காரனின் புத்தகத்திலும் இல்லாத செலவுக்கு வருவோம். அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு தகப்பனின் சம்பாத்தியம் எங்கே போகிறது என்று கேட்டால், செங்கல்லும் சீமெந்துமாகத் தெருவிலேயே காட்டலாம். மகளுக்கு வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் எமது வழக்கம். 1969இல் இருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளிவந்த தனது நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இருக்கும் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளோடு இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு. பிறகு மீண்டும் ஒரு வீடு.

இது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு இந்தப் பத்தி இடமில்லை. பெண்ணின் பெயரில் வீடும் உறுதியும் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் கண்ணால் கண்டவன். ஆனால் பணக் கணக்காகப் பார்த்தால், மூன்று பெண் பிள்ளைகள் உள்ளவர் தனது ஓய்வுக்காலப் பணத்தை மூன்று தரம் கட்டி மூன்று தரம் கொடுத்துவிடுகிறார். ஹாட்வெயார்க்காரனாகிய நான் இதனால்தான் பிழைக்கிறேன் என்பதையும் ஒளிக்கவில்லை. சீமெந்து, கம்பி, தகரம், தரை ஓடு என்று என் கடையில் வாங்குபவர்களில் பாதிப்பேர் மகளுக்கு வீடு கட்டும் தகப்பன்மார்தான்.

எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். இரண்டு வீடு முடிந்தது. மூன்றாவதற்குத் தட்டுப் போட்டாயிற்று, பூச்சு வேலை கிடக்கிறது. இந்த வீடு முடியும் முன்பு "ஓய்வு" என்ற வார்த்தையை வீட்டில் எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் எடுத்தும் பார்த்தேன். வீட்டுக்காரி சொன்னா: "கடைய விட்டுட்டு நீங்க ஊட்டுல இருந்தா, என்னட்டத்தான் உப்புப் புளிக்குக் கணக்குக் கேட்டுட்டு இருப்பீங்க. போறதெண்டா என்னையும் கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டிக் கடைக்கே போங்க."

ஆகவே எம்மூர்த் தகப்பனுக்கு ஓய்வு வயது என்பது கடைசி மகளின் வீடு முடியும் வயதுதான். 25 வயதில் கலியாணம் முடித்து முதலில் பெண் பிள்ளைகள் பிறந்தவர் 52இல் கடமை முடிந்து நிற்பார். 45இல் கடைசிப் பெண் பிள்ளை பிறந்தவர் 70 வரைக்கும் லாச்சியை விட முடியாது. சிலர் வழியொன்று கண்டிருக்கிறார்கள். தனி வளவு வாங்காமல், அதே வளவில் மேல் மாடி எடுத்துக் கொடுக்கிறார்கள். காணி விலை மிச்சம். இளையவர்களுக்கும் இப்போது இது பழகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறுகிறேன் என்று கடை, வளவு, வயல் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு உறுதி முடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு உம்றாவுக்குப் போக மருமகனிடம் கேட்டு நிற்கும் பெரியவர்கள் எமது பள்ளிவாசல்களில் இருக்கிறார்கள். கொடுப்பதானாலும், தாங்கள் இருவரும் உயிரோடு இருக்கும் வரை வருமானத்தை அனுபவிக்கும் உரித்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு நல்ல நொத்தாரிசுவிடமும் ஓர் ஆலிமிடமும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

விலைவாசியோடு ஏறும் வருமானம்

இவ்வளவும் கழித்து மிஞ்சுவதை எங்கே வைப்பது? என் அபிப்பிராயம், ஓய்வு பெறுபவருக்கு வேண்டியது பெரிய தொகையைவிட, விலைவாசி ஏறும்போது கூடவே ஏறும் வருமானம். எமது ஊரில் அதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு.

ஒன்று வயல். கல்லோயாத் தண்ணீர் பாயும் வயலை நெல்லுக்குக் குத்தகை பேசிக் கொடுத்தால், ஏக்கருக்கு இத்தனை மூடை என்பது மாறாது. நெல் விலை ஏறினால் உங்கள் வருமானமும் ஏறும். காசுக்குப் பேசியவருக்கு 2022இல் கிடைத்தது பழைய காசு. நெல்லுக்குப் பேசியவருக்குக் கிடைத்தது புது விலை. ஆனால் வயலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது விளைச்சல் விழுந்தது. 2024 நவம்பர் வெள்ளத்தில் எமது பக்கம் வயல்கள் தாண்டு போயின. குத்தகைக்காரனுக்கு விளையாத போகத்தில் மூடையைக் கேட்டு நிற்பதும் மனிதத்தனம் அல்ல.

மற்றது கடை அறை வாடகை. சந்தைக்கு அண்மையில் இரண்டு அறை இருந்தால் அதுதான் எமது வியாபாரிகளின் பென்ஷன். ஐந்து வருட ஒப்பந்தம் எழுதாமல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வாடகையைப் பார்க்கும்படி எழுதுங்கள். அட்வான்ஸ் என்று பெருந்தொகையை வாங்கிக்கொண்டு வாடகையைக் குறைத்து எழுதும் பழக்கம் இருக்கிறதே, ஓய்வு பெறப் போகிறவருக்கு அது உதவாது. அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதை எடுத்து மகளின் வீட்டுக்குக் கூரை போட்டவர், வாடகைக்காரர் விலகும் நாளில் ஓடித் திரிவார்.

தங்கம் ஏறும். ஆனால் அது மாதச் செலவுக்குக் காசு தராது, விற்றால்தான் உண்டு. அதனால் அதைப் பென்ஷனாக நான் எண்ணுவதில்லை.

எப்போது போவது

பயணத்தைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது எமது பெரிய வழக்கம். ஹஜ்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸபா, மர்வாவுக்கிடையில் ஏழு தடவை நடந்தால் மட்டும் மூன்று கிலோமீற்றருக்கு மேல். மினாவில் கல்லெறியப் போய்வரும் நடை வேறு. 2024 ஹஜ்ஜில் மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டியது. 1,301 பேர் மௌத்தானதாகச் சவூதி அரசு அறிவித்தது. பணமும் உடல் பலமும் சேர்ந்து இருக்கும்போது கடமையாகும் காரியத்தை, பணம் மட்டும் மிஞ்சியிருக்கும் காலத்துக்கு வைத்திருக்கிறோம்.

உடம்பு இடம் கொடுத்தாலும் வாசல் திறந்திருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. 2020இலும் 2021இலும் கொரோனாவால் வெளிநாட்டவருக்கு ஹஜ்ஜே இல்லாமல் போனது. 2022இல் வாசல் திறந்தபோது 65 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கவில்லை. அடுத்த வருடம்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். "எல்லாம் முடித்துவிட்டு அறுபத்தாறில் போவோம்" என்று இருந்தவர்கள் அந்த வருடம் தொலைக்காட்சியில் அரபாவைப் பார்த்தார்கள்.

ஊர் சுற்ற வேலையை விட்டே ஆக வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டிய விடயம். இப்னு பதூதா 1325இல் மொரோக்கோவின் தன்ஜா நகரில் இருந்து ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டபோது வயது 21. எமது இலங்கைக்கு 1344இல் வந்து பாவா ஆதம் மலையில் ஏறிவிட்டுப் போனார். இடையில் டில்லியிலும் மாலைதீவிலும் காழியாக வேலை பார்த்துத்தான் திரிந்தார். அவர் ஓய்வு பெற்றுப் பயணம் போனவரல்ல.

உத்தியோகத்தருக்கும் இப்படி ஒரு நடுவழி கிடைத்தது. 2022 ஜூனில் வந்த சுற்றறிக்கை ஒன்று, சம்பளமில்லாமல் ஐந்து வருடம் வரை வெளிநாடு போய்வர அரச ஊழியருக்கு இடம் கொடுத்தது. சேவை மூப்பும் பென்ஷனும் கெடாது என்றார்கள். வியாபாரிக்குச் சுற்றறிக்கை தேவையில்லை. கடைக்கு மந்தமான மாதம் எது என்று அவருக்கே தெரியும். எங்களுக்கு மாரி மழை தொடங்கினால் கட்டட வேலை நின்றுவிடும். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போதுதான் சனம் சீமெந்துக்கு வரும். மழைக்காலத்தில் ஒரு மாதம் கடையை விட்டால் நட்டம் குறைவு. உம்றாவும் றமழானிலும் பாடசாலை விடுமுறையிலும் அல்லாத காலத்தில் மலிவு. தூரம் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் நாகூர். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் வருடா வருடம் கொடியேற்றத்துக்குப் போகும் எமது சனத்தில் எத்தனை பேர் அந்த நாகூரைக் கண்டிருக்கிறார்கள்?

நாற்பது நாள் பரீட்சை

அப்படியானால் கடை? ஓய்வு பெற நினைக்கும் வியாபாரிக்கு நான் சொல்லும் பரீட்சை இலேசானது. நாற்பது நாள் கடைப் பக்கம் போகாமல் இருந்து பாருங்கள். ஊரிலேயே இருந்தால் பலிக்காது, வெளியே போக வேண்டும். 2017இல் நாங்கள் இருவரும் ஹஜ்ஜுக்குப் போனபோது எனது கடைக்கு இது நடந்தது. விற்பனை குறையவில்லை. பொடியன்மார் நல்லாகத்தான் செய்தார்கள். ஆனால் மூன்றாவது கிழமை கம்பி முடிந்தது. சப்ளையர் "முதலாளி வரட்டும்" என்றுவிட்டார். அவர் இத்தனை காலமும் கடனுக்குச் சரக்குத் தந்தது கடைக்கு அல்ல, எனது முகத்துக்கு. செக் புத்தகத்தில் எனது கையெழுத்து. கடன் கொப்பியில் யாரிடம் எப்போது கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பது எனது மண்டையில்.

எமது பெரும்பாலான கடைகள் இப்படித்தான். கடைக்காரர் இல்லாவிட்டால் அது ஓர் அறையும் கொஞ்சச் சரக்கும். எனவே ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பே வேலை தொடங்க வேண்டும். முதலில் வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே லாச்சியில் கிடப்பதை நிறுத்த வேண்டும். இது செய்யாதவருக்குத் தனது கடை இலாபத்தில் ஓடுகிறதா என்றே தெரியாது. பின் திகதியிட்ட செக்குகளைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நீங்கள் துருக்கியில் இருக்கும்போது இங்கே ஒரு செக் திரும்பினால் அந்தப் பயணம் அன்றோடு முடிந்தது. சப்ளையரிடம் போகும்போது கடையைப் பார்க்கப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை சரக்கை எண்ணி எழுத வேண்டும். ஸகாத்துக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது.

பார்க்கப்போகிறவர் யார் என்பதே பலருக்கு முடிச்சு. மகன்மாரைப் படிப்பித்துவிட்டோம். ஒருவன் கட்டாரில், ஒருவன் ஒலுவில் பல்கலைக்கழகத்தில். சீமெந்துத் தூசிக்குள் நிற்க அவர்கள் வரப்போவதில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது, அதற்காகத்தானே படிப்பித்தோம். கடையை விற்கலாம், ஆனால் முகம் போன கடைக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். மிஞ்சுவது நெடுநாள் கூட நின்றவர்.

அவரிடம் கொடுப்பதற்கு எமது மார்க்கத்திலேயே பழைய ஒழுங்குகள் இருக்கின்றன. முழாரபா என்றால் முதல் உங்களுடையது, உழைப்பு அவருடையது. இலாபத்தை இன்ன பங்கு என்று முன்கூட்டியே பேசிப் பிரிக்க வேண்டும். நட்டம் வந்தால் முதலுக்கு வரும், அவருக்கு உழைப்பு வீண். அவர் கவனயீனமாகவோ நாணயமின்றியோ நடந்திருந்தால் மட்டும் அவர் பொறுப்பு. "மாதம் ஒரு இலட்சம் தந்துவிடு, மிச்சம் உன்னுடையது" என்று எமது ஊரில் பேசுகிறார்களே, அது முழாரபா அல்ல. நிலையான தொகைதான் வேண்டுமென்றால் கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்து, சரக்கை விலை பேசி விற்றுவிட வேண்டும். முஷாரகா என்றால் அவரும் கொஞ்சம் முதல் போட்டுப் பங்காளியாவார். வருடா வருடம் உங்கள் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போவார். எதுவானாலும் எழுதி இரண்டு பேரும் சாட்சிகளோடு கையெழுத்து வைக்க வேண்டும். "தம்பிதானே, என்னத்துக்கு எழுத்து" என்ற பேச்சு பிற்காலத்தில் எத்தனை பள்ளிவாசல் விசாரணைகளில் முடிந்திருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் எனது கடையில் 19 வருடம் நிற்பவரிடம் சென்ற மாதம் இதைப் பேசினேன். முழாரபா, இலாபத்தில் பாதி, எழுத்தில். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப என்ட ஈ.பி.எப். என்னாகும் முதலாளி?"

நியாயமான கேள்வி. அவருக்கு வயது 44. சம்பளம் 60,000 என்று வைத்தால், அவர் பக்கம் 8 வீதம் 4,800 ரூபா, எனது பக்கம் 12 வீதம் 7,200 ரூபா, மாதம் 12,000 ரூபா அவர் கணக்கில் சேரும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நான் கட்டும் 3 வீதம் 1,800 ரூபா தனி. முழாரபாவில் அவர் எனது ஊழியர் இல்லை, பங்கு பிரிக்கும் உழைப்பாளி. சம்பளமும் வாங்கி இலாபப் பங்கும் வாங்க முடியாது. சம்பளம் நின்றால் மாதக் கட்டணமும் நிற்கும். இதுவரை சேர்ந்தது போகாது, வருடா வருடம் அறிவிக்கும் வீதத்தில் கூடிக்கொண்டு 55 வயது வரை கிடக்கும். ஆனால் புதிதாக ஒன்றும் சேராது. எனது ஓய்வுக்காக அவருடைய ஓய்வில் கை வைக்கிறோம் என்றாகிறது. (ஊழியருக்கு இதைக் கட்டாமலே இருபது வருடம் வேலை வாங்கிவிட்டுத் தனது ஓய்வைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கும் முதலாளிமாரும் எமது சந்தையில் உண்டு. முதலில் அந்த நிலுவையைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்கிறேன்.)

இரண்டு பேரும் மூன்று தடவை இருந்து பேசினோம். இப்போது ஒத்துக்கொண்டிருப்பது இதுதான். முதல் மூன்று வருடம் அவர் சம்பளக்கார முகாமையாளர். சேமலாப நிதி வழமைபோல் தொடரும். வருடக் கணக்கு முடித்ததும் இலாபத்தில் பத்தில் ஒரு பங்கு போனஸ். அந்த போனஸில் ஒரு பகுதியை அவர் கடைக்குள்ளேயே விட்டுவைத்தால், நாலாவது வருடம் அது அவருடைய முதலாகி முஷாரகா தொடங்கும். சப்ளையர்கள் இரண்டு பேருக்கு அவரை அறிமுகப்படுத்தியாயிற்று. மூன்றாமவர் இன்னும் "முதலாளி வரட்டும்" என்கிறார். மகளின் வீட்டுப் பூச்சு வேலைக்குக் கொத்தனார் இந்தக் கிழமை வருகிறார். மாரி தொடங்கியதும் முதல் தடவையாக முப்பது நாள் போய்வர இரண்டு பாஸ்போட்டையும் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். கடைச் சாவி, செக் புத்தகம், கடன் கொப்பி மூன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.